பேராசை அல்ல, ஃபீஸ் பாக்கி

"படிச்ச பொண்ணுதானே, இதுகூடத் தெரியாதா?"

ஆந்திரத்தின் பாகாலா ரயிலடிக்கு எதிர்த் தெருவில் உள்ள ஒரு நெட் சென்டரில், போன மாங்காய்ப் பருவத்தில், இந்தக் கேள்வியை ஒரே மணி நேரத்தில் நான்கு பேர் வாயால் கேட்டேன். கேள்விக்கு ஆளாகி நின்றவள் திருப்பதியில் பட்டப்படிப்பு இரண்டாமாண்டு படிப்பவள். எனக்குத் தெரிந்த குடும்பம். அம்மாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. கல்விக் கட்டண உதவிக்கான ஆதார் சரிபார்ப்பு பாக்கி, இன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது என்று தெலுங்கில், ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தது. கூடவே ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் கோப்பு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள்தான் திறந்தாள், போனில் ஏற்றினாள், கேட்ட இடத்தில் எல்லாம் 'அனுமதி' என்று அழுத்தினாள். இரவுக்குள் அம்மாவின் கணக்கில் இருந்தது மூன்று தடவையாக வெளியே போய்விட்டது. தாமலசெருவு மண்டியில் காய் போட்டு வந்த பணம் அது.

அந்த நான்கு பேரும் கெட்டவர்கள் இல்லை. கல்லூரிக் கருத்தரங்குகளிலும் டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் எல்லோரும் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள். அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைக்கிறேன். இணையத்தில் தூண்டில் போடும் மோசடி, அதாவது ஃபிஷிங், கவனமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எழுத்துப்பிழை இருக்கும், பூட்டுச் சின்னம் இருக்காது, முகவரி கோணலாக இருக்கும், தெரியாத எண்ணிலிருந்து வரும். படித்தவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். தெரிந்தும் மாட்டினால் அதற்குக் காரணம் பேராசை அல்லது அலட்சியம். ஆகவே ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு, அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தால் போதும், மிச்சம் மாணவர் பொறுப்பு.

இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. லாட்டரி விழுந்தது என்று வரும் செய்தியை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. கவனம் நல்ல பழக்கம்தான். ஆனால் மாணவர்களைக் குறிவைத்து வரும் மோசடியைப் பொறுத்தவரை இந்தக் கருத்து அநேகமாக ஒவ்வொரு படியிலும் தவறு. தவறு என்பதைவிட எனக்குக் கோபம் வருவது அதனால் விளையும் கேட்டைப் பார்த்துத்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. பிழையைப் பார்த்துக் கண்டுபிடி என்கிறார்களே, யாருடைய பிழையை?

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மாக் ஹெர்லி 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். நைஜீரியாவிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரர்கள், அந்தப் பெயரைக் கேட்டாலே எல்லோரும் உஷாராகிவிடுவார்கள் என்று தெரிந்தும் ஏன் அதையே சொல்கிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் கண்ட விடை எளிது. சந்தேகப்படுகிறவர்கள் முதல் கடிதத்திலேயே விலகிவிட வேண்டும் என்பதற்காகத்தான். மாதக்கணக்கில் கடிதம் எழுதிப் பணம் கறக்க வேண்டிய வேலைக்கு எதையும் நம்பும் ஆள்தான் தேவை. அபத்தம் அங்கே ஒரு சல்லடை.

பாகாலா பெண்ணிடம் யாரும் மாதக்கணக்கில் பேசவில்லை. ஒரு கோப்பைத் திறந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. சல்லடை எதற்கு? அங்கே செய்தி சுத்தமாக இருந்தால்தான் லாபம். அதுவும் கணினியே பிழையற்ற தெலுங்கும் தமிழும் எழுதித் தரும் காலம் இது. எழுத்துப்பிழையை அடையாளமாக நம்பச் சொல்வது, திருடன் கிழிந்த சட்டையில்தான் வருவான் என்று பிள்ளைக்குச் சொல்லி வைப்பது போல.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அசல் கல்லூரிச் செய்தி எப்படி இருக்கும் என்று பாருங்கள். யாரோ போனில் கோணலாகப் படமெடுத்த சுற்றறிக்கை. தேதி ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறு. பாதி ஆங்கிலம், பாதி தெலுங்கு. வகுப்புத் தலைவன் குழுவில் போட்டு 'அர்ஜென்ட்' என்று கீழே எழுதியிருப்பான். பிழையை வைத்து முடிவு செய்தால் அந்தப் பெண் அசலைத் தூக்கி எறிந்துவிட்டுப் போலியைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

2. பூட்டு இருந்தால் பத்திரம் என்ற பாடத்தை எழுதியவர்களே அழித்துவிட்டார்கள்.

பூட்டுச் சின்னத்துக்கு அர்த்தம் ஒன்றே: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. தளத்தை நடத்துகிறவன் யோக்கியனா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. திருடனோடு ரகசியமாகப் பேசினாலும் அது ரகசியம்தான். பூட்டை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2019 ஜூனிலேயே எச்சரித்தது. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லி, கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து 2023 செப்டம்பரில் பூட்டையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. நம் ஊர்க் கூட்டங்களின் படக்காட்சியில் மட்டும் பூட்டு இன்னும் பச்சையாகத் தொங்குகிறது.

3. முகவரியைப் பார் என்பது மற்ற அறிவுரைகளைவிட உருப்படியானது. அதனாலேயே அதை நின்று பார்க்க வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2023இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரில் ஒரு போலித் தளம் பிடிபட்டது. அதற்கு முன்பே நாற்பது போலித் தளங்கள் மீது புகார் போயிருந்தது. இது நாற்பத்தொன்றாவது. தேவஸ்தானத்தின் அன்றைய அசல் முகவரி: திருப்பதிபாலாஜி, புள்ளி, ஏபி, புள்ளி, கவ், புள்ளி, இன். போலி முகவரி: திருப்பதிபாலாஜி, சிறுகோடு, ஏபி, சிறுகோடு, கவ், புள்ளி, ஆர்க். அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளி இருந்த இரண்டு இடத்தில் ஒரு சின்னக் கோடு, கடைசியில் வேறு ஒரு வால். வரிசையில் நின்று களைத்து வந்த பக்தர் ஒருவர் இதைப் பார்த்தால் ஏபி இருக்கிறது, கவ் இருக்கிறது, அரசுத் தளம்தான் என்று நினைக்கத்தான் செய்வார்.

இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்கோடு வரும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முழுப்புள்ளிகளால் பிரிந்த கடைசி இரண்டு மூன்று துண்டுகள்தான் உரிமையாளர் யார் என்று சொல்லும். 'கவ்.இன்' அரசுக்கு மட்டும் தரப்படுவது. 'ஆர்க்' என்ற வாலைப் பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம். இடப்பக்கம் இருக்கும் பெயர் தேவஸ்தானம் ஆனாலும், பல்கலைக்கழகம் ஆனாலும், அது வெறும் பெயர்ப்பலகை. தபால் முகவரியிலும் அப்படித்தானே? கதவு எண்ணும் தெருவும் சரியாக இருந்து, கடைசி வரியில் மாவட்டம் மாறிவிட்டால் கடிதம் வேறு ஊருக்குத்தான் போகும். இதை இப்படிச் சொல்லிக் கொடுத்த ஒரு கூட்டத்தையும் நான் பார்த்ததில்லை. 'முகவரியைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். போதுமா? காலையில் பாகாலாவிலிருந்து திருப்பதி போகும் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிற பிள்ளையின் போனில் முகவரிப் பட்டை விரற்கடை அகலம். நீண்ட முகவரியின் ஒரு பகுதிதான் அதில் தெரியும். சுருக்கப்பட்ட லிங்க் என்றால் எதுவுமே தெரியாது. நிறுவனங்களும் ஒரே முகவரியில் நிலைத்து நிற்பதில்லை. தேவஸ்தானமே முதலில் 'டிடிடிசேவாஆன்லைன்.காம்' என்றிருந்து, பிறகு மேலே சொன்ன அரசு முகவரிக்கு வந்து, அப்புறம் 'டிடிதேவஸ்தானம்ஸ்' என்று தொடங்கும் இன்னொன்றுக்கு மாறியது. மாறியதற்கு நல்ல காரணம் இருக்கலாம். அரசு வாலுக்கு வந்தது நல்லதும்கூட. ஆனால் ஒவ்வொரு மாற்றமும், புது முகவரி என்று எவன் சொன்னாலும் நம்பு என்று மக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

வங்கிகள் விஷயத்தில் இதைப் புரிந்துகொண்டார்கள். எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' என்ற ஒரே வாலுக்கு வந்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கு அப்படி ஒரு வால் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. 'ஏசி.இன்', 'எட்யூ.இன்' இரண்டையும் எர்நெட் நிறுவனம் சரிபார்த்துத்தான் கொடுக்கும். இருந்தும் என்ன? மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, அம்மாவின் போன் எண் எல்லாவற்றையும் ஒரு விரிவுரையாளர் தன் சொந்தக் கணக்கில் தயாரித்த கூகுள் படிவத்தில் வாங்குகிற கல்லூரிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தை நிரப்பியவளிடம் நாளைக்கு வரும் போலிப் படிவத்தை மட்டும் சந்தேகப்படு என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணுக்கு வந்ததில் முகவரியே கிடையாது. வந்தது ஒரு கோப்பு. முகவரிப் பாடத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்திருந்தாலும் அவளுக்கு உதவியிருக்காது.

4. பேராசையாம். ஃபீஸ் பாக்கிக்குப் பயப்படுவது எந்த ஊரில் பேராசை?

மற்ற எல்லா வாதத்தையும்விட என்னை அதிகம் சுடுவது இதுதான். ஆந்திரத்தில் ஜகனண்ண வித்யா தீவெனா என்ற திட்டத்தில் 2021 ஏப்ரலிலிருந்து கல்லூரிக் கட்டணம் மாணவரின் தாய் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. தாய் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். 2024 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு, பணம் நேராகக் கல்லூரிக்கே போகும் என்று வழி மாறியது. நடுவில் தவணைகள் பாக்கி விழுந்தன. பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடைக்குமா, சான்றிதழ் கிடைக்குமா என்ற கவலை எங்கள் பக்கத்து வீடுகளில் சமையலறை வரைக்கும் வந்துவிட்ட கவலை. யார் கணக்கில் வரும், எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது, கைரேகை எங்கே வைக்க வேண்டும் என்று ஊர்ச் செயலகமான சச்சிவாலயத்துக்கு நடந்து நடந்து தேய்ந்தவர்கள் இந்தத் தாய்மார்கள்.

அந்த வீட்டுக்கு, 'உங்கள் சரிபார்ப்பு பாக்கி' என்று ஒரு செய்தி வருகிறது. இதில் ஆசை எங்கே இருக்கிறது? வர வேண்டிய பணம் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம். மோசடிக்காரன் புதிதாக ஒரு கதை கட்டவில்லை. அரசும் கல்லூரியும் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிற கதைக்குள் ஒரு வரியாக நுழைந்துகொண்டான்.

இது எங்கள் மாவட்டத்து வினோதமும் அல்ல. 2019 ஜூலையில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்திருந்த மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் தூண்டில் மோசடி வழியே திருடு போயின. பிறகு அந்த விண்ணப்பதாரர்களில் சிலருக்குப் போலிக் கட்டண பில்கள் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே, பெயர் சொல்லி அழைத்து ஒரு கட்டண பில். அதைச் சந்தேகிக்க என்ன காரணம் இருக்கிறது? கேட்ட பணத்தைக் கட்ட நினைப்பவருக்குப் பேராசை என்று பெயர் வைத்தால் நேர்மைக்கு என்ன பெயர் வைப்பது? தமிழ்நாட்டிலும் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோருக்குப் போன் செய்து, கியூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்யவைத்துக் கணக்கைத் துடைத்தார்கள். காவல்துறை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. ஆந்திரத்தின் நுழைவுத் தேர்வான ஈஏபிசெட் கவுன்சிலிங் நடக்கிற வாரத்தில் சீட்டு பற்றிய செய்தி, முடிவு வருகிற நாளில் முடிவு பற்றிய செய்தி என்று காலண்டரைப் பார்த்துத்தான் தூண்டில் விழுகிறது.

5. படித்தவர் ஏமாற மாட்டார் என்றால், பேராசிரியர்கள் படிக்காதவர்களா?

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது குற்றம் சாட்டியது. மப்னா நிறுவனம் என்ற பெயரில் அவர்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் பேராசிரியர்களுக்குத் தூண்டில் போட்டார்கள். உங்கள் கட்டுரையைப் படித்தேன், நன்றாக இருந்தது என்று வேறொரு பேராசிரியர் எழுதியது போல மின்னஞ்சல் வரும். அதில் இருக்கும் லிங்க்கை அழுத்தினால் சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். குற்றப்பத்திரிகையின்படி சுமார் எட்டாயிரம் பேராசிரியர்களின் கணக்குகள் கைமாறின. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், மற்ற நாடுகளில் 176. இவர்கள் எல்லோருமே முனைவர் பட்டம் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள்.

கனடாவில் எட்மண்டன் நகரத்து மக்யூவன் பல்கலைக்கழகம் 2017இல் ஒரு கட்டட நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய 1.18 கோடி கனடிய டாலரைப் போலிக் கணக்குக்கு அனுப்பிவிட்டது. எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது, அலுவலகத்தில் மாற்றிவிட்டார்கள், அவ்வளவே. மாணவனுக்கு வகுப்பெடுக்கும் நிர்வாகமே இப்படி.

இன்னும் ஒன்று சொன்னால் விஷயம் தெளிவாகும். இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குறைந்தது 76 ஊழியர்களுக்கு 2022 ஜூலையில் போலிக் குறுஞ்செய்தி போனது. மூன்று பேர் தங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. ஏனென்றால் அங்கே கடவுச்சொல் மட்டும் போதாது, ஊழியர் கையில் இருக்கும் சிறிய வன்பொருள் சாவியும் வேண்டும். அந்தச் சாவி அசல் தளத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். அந்த மூவரை நிறுவனம் கண்டிக்கவில்லை. நடந்ததை வெளிப்படையாக எழுதி வைத்தது. நூற்றுக்கு நாலு பேர் மாட்டத்தான் செய்வார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, மாட்டினாலும் கதவு திறக்காதபடி செய்வது ஒரு வழி. நூறு பேரையும் திட்டுவது இன்னொரு வழி. நம் கல்லூரிகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன, அதற்குச் செலவில்லை என்பதால்.

6. கூட்டம் போட்டால் போதும் என்பதற்கு ஆதாரம் கேட்டதுண்டா?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கிளை மருத்துவமனையில் 2023இல் எட்டு மாதம் ஓர் ஆய்வு நடந்தது. 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்கள், பத்து முறை பொய்த் தூண்டில். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மாட்டுவதில் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம். சம்பளம் வாங்கிக்கொண்டு, கட்டாயமாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கே இவ்வளவுதான் பலன். ஆடிட்டோரியத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவுக்காகக் கேட்கிற பிள்ளைக்கு எவ்வளவு ஒட்டும்?

நம் நாட்டுக் கணக்கையும் பார்க்கலாம். நாடாளுமன்றத்தில் உள்துறை கொடுத்த விவரப்படி, சைபர் நிதி மோசடிகளில் மக்கள் இழந்தது 2023இல் 7,465 கோடி ரூபாய், 2024இல் 22,845 கோடி. இது எல்லா வகை மோசடியையும் சேர்த்த தொகை, தூண்டில் மோசடி மட்டுமல்ல. ஆனால் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அந்த ஆண்டில் விழிப்புணர்வுக் கூட்டங்களும் சுவரொட்டிகளும் குறைந்துவிடவில்லை.

ஏன் ஒட்டவில்லை? கூட்டத்தில் ஒரு மணி நேரம் சொல்வதற்கு நேர் எதிரான பயிற்சியை மீதி 364 நாளும் வாழ்க்கை கொடுக்கிறது. ஆதார் எண்ணை யாருக்கும் கொடுக்காதே என்கிறார்கள், ஆதார் இல்லாமல் ஒரு படிவம் கிடையாது. வாட்ஸ்அப் செய்தியை நம்பாதே என்கிறார்கள், 2025 ஜனவரியில் ஆந்திர அரசே 'மன மித்ரா' என்று வாட்ஸ்அப்பில் சேவைகளைத் தொடங்கி, இன்டர்மீடியட் ஹால் டிக்கெட்டையும் தேர்வு முடிவையும் அதிலேயே கொடுத்தது. நல்ல சேவை, கிராமத்துப் பிள்ளைக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் வாட்ஸ்அப்பில் அரசு பேசாது என்ற பழைய பாடம் அன்றோடு செத்துப்போயிற்று. புதுப் பாடத்தை யாரும் எழுதவில்லை.

'ஓடிபியை யாரிடமும் சொல்லாதே' என்பதுதான் எல்லோருக்கும் மனப்பாடமான வரி. அந்தப் பெண்ணுக்கும் மனப்பாடம். அவள் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. போனில் ஏறிய அந்தச் செயலி, குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, வந்த ஓடிபிகளை அதுவே எடுத்து அனுப்பிவிட்டது.

அப்படியானால் அடையாளம் காணவே முடியாதா? முடியும். ஆனால் செய்தியின் முகத்தைப் பார்த்து அல்ல, அது என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பார்த்து. முகத்தை மாற்றிக்கொள்ளலாம். கேட்பதை மட்டும் மோசடிக்காரனால் மாற்ற முடியாது, ஏனென்றால் அது கிடைக்காமல் அவனுக்கு வேலை முடியாது. அவன் கேட்கக்கூடியவை சொற்பம். கடவுச்சொல், பின், ஓடிபி போன்ற ஏதோ ஒரு ரகசியம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஒரு செயலியையோ, எனிடெஸ்க் மாதிரித் திரையைக் காட்டும் செயலியையோ ஏற்றச் சொல்வது. பணம் 'வாங்குவதற்கு' யுபிஐ பின் போடச் சொல்வது அல்லது முன்பணம் கட்டச் சொல்வது. யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. இன்னொன்று மாணவர்களிடம் அதிகம் நடப்பது: உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன் என்பது. மற்றவர்களிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும், போலீஸ் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வாசலில்.

கேட்பது இவற்றில் ஒன்று என்றால், அனுப்பியது யார், எழுத்து எப்படி, முத்திரை அசலா என்று ஆராய வேண்டியதில்லை. அந்தச் செய்தி காட்டும் வழியில் போகாமல், நமக்குத் தெரிந்த வழியில் போய்க் கேட்க வேண்டும். கட்டண உதவி என்றால் சச்சிவாலயத்துக்கோ, நாமே தட்டச்சு செய்து திறக்கிற அரசின் ஞானபூமி தளத்துக்கோ. ஹால் டிக்கெட் என்றால் கல்லூரி அலுவலகத்துக்கு. லிங்க்கையே தொடாதே என்று சொல்வதைவிட இது நடக்கக்கூடிய காரியம். மாணவ வாழ்க்கையே லிங்க்குகளால் ஆனது, தொடாதே என்றால் படிப்பு நின்றுவிடும்.

இதற்கு மாற்றுவாதம் ஒன்று வரும் என்று தெரியும். எல்லாப் பொறுப்பையும் நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு மாணவரைக் குழந்தையாக்குகிறாயா என்று கேட்பார்கள். இல்லை. மேலே சொன்னதை மாணவர் கற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விதி வேலை செய்ய வேண்டுமானால் கல்லூரியும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டணம் கேட்கும் செய்தியில் லிங்க் வைக்கக் கூடாது, 'தளத்துக்குப் போய்ப் பாருங்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆதாரும் வங்கி விவரமும் கூகுள் படிவத்தில் வாங்கக் கூடாது. ஒரே முகவரி, அதுவும் 'ஏசி.இன்' போன்ற வாலோடு. சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு எண் அடையாள அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்க வேண்டும், அந்த எண்ணை யாராவது எடுக்க வேண்டும். அசல் செய்தி ஒருபோதும் கேட்காத ஒன்றைக் கேட்டால் மட்டுமே போலி தனித்துத் தெரியும். அசலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் கடவுளாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

7. கடைசி மறுப்பு. "படிச்ச பொண்ணுதானே" என்ற கேள்வியே மோசடிக்காரனுக்குக் கூலியில்லாமல் செய்யும் வேலை.

திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு கணக்கிலிருந்து நாலு, நாலிலிருந்து பத்து என்று பிரிந்து ஓடும், எங்கோ ஓரிடத்தில் நோட்டாக வெளியே வரும். வெளியே வருவதற்கு முன் நிறுத்தத்தான் 1930 என்ற எண் இருக்கிறது. கூப்பிட்டால் வங்கிகளுக்குத் தகவல் போய், வழியில் இருக்கும் பணத்தை முடக்க முடியும். முதல் சில மணி நேரம்தான் எல்லாம். சட்டமும் நேரத்தைத்தான் எண்ணுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமில்லாத திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் நஷ்டம் ஒரு வரம்புக்குள். வாடிக்கையாளரின் அலட்சியமே காரணம் என்றாலும்கூட, அவர் வங்கிக்குத் தெரிவித்த கணத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதாவது, தவறு செய்தவளுக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவள் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாயைத் திறக்கவிடாமல் செய்வது எது? அந்தப் பெண் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாளும் வழக்கம்போல ரயிலேறித் திருப்பதி போய் வந்தாள். அம்மா வங்கிக்குப் போய்ப் பணம் எடுக்கப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "நைனாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாரு மாமா, அதான்..." என்று என்னிடம் சொன்னாள். நெட் சென்டரில் உட்கார்ந்து 1930ஐக் கூப்பிட்டோம், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரும் பதிந்தோம். புகார் எண்ணை அவள் மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பணத்தில் பெரும்பகுதி முதல் இரவே கைமாறி, வெளியே எடுக்கப்பட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது.

அவள் அப்பா தாமலசெருவிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "நாலு நாளா ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. "படிச்ச பொண்ணுதானே" என்று கேட்ட நான்கு பேரும் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.